எரிந்த மன்மதன் மூன்று நாள் எங்கே இருந்தார்?

அன்றைக்கு நாங்கள் முந்நூறு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

ஆண், பெண், குழந்தை குட்டி எல்லாரும்தான். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் இருக்கிற மைதானத்தில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, தேயிலை மலையைப் பார்த்துத் திரும்பி நின்றோம். பின்னால் வைக்கோல் எரிகிற வாடை. சாம்பல் பறந்து வந்து பெண்களின் தலைமேல் உட்கார்ந்தது. ஒருத்தி கூடத் தட்டிவிடவில்லை.

கூத்து வாத்தியார் வேலுச்சாமி சொன்ன ஒரு சொல்லுக்கு அத்தனை பேரும் கட்டுப்பட்டு நின்றோம்.

"எல்லாரும் அங்கிட்டுத் திரும்பிக்கங்க. செத்தவரு போகணும்."

செத்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் எழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது. வெறுங்கால் மண்ணில் பதிகிற சத்தம். காலில் கட்டின சலங்கையைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு ஓடினார் போல, மணி பாதி ஒலித்துப் பாதி அடங்கியது. பத்து அடி, பதினைந்து அடி. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

ஓடுகிறவர் ஏன் நிற்கிறார்? காதைத் தீட்டினேன். மூச்சு இழுக்கிற ஒலி. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அப்புறம் கால்கள் மெதுவாக, ஓடாமல், நடந்து போயின.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கப்பலில் வந்த சாமி

போன வாரம் தப்பு அடித்து ஆள் கூப்பிட்ட கதையை எழுதினேன். கடலுக்கு அந்தப் பக்கம் கண்டிச்சீமைத் தோட்டத்தில் விடியற்காலை தப்புச் சத்தம் கேட்டால் வேலைக்குப் போக வேண்டும், வேறு அடி கேட்டால் சாவு, இன்னோர் அடி கேட்டால் சாமி என்று சொல்லியிருந்தேன். அதில் காமன் கூத்து என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டேன். மன்மதனுக்கா திருவிழா, அதுவும் தேயிலைத் தோட்டத்திலா என்று கேட்டு, படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆமாம். மன்மதனுக்குத்தான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சிவன் கண்ணை மூடித் தவத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பினால்தான் முருகன் பிறப்பார், அசுரன் சாவான். தேவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, ஒருவரும் போகாமல், மன்மதனை அனுப்பினார்கள். மன்மதன் கரும்பு வில்லில் பூ அம்பை வைத்து அடித்தார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். மன்மதன் சாம்பலானார். எங்கள் வாத்தியார் இதைச் சுருக்கமாகச் சொல்வார்:

"டூட்டியில செத்தவருய்யா மன்மதன். அனுப்பிச்சவன் ஒருத்தனும் வந்து பாக்கல. அதான் தோட்டத்து சனம் அவருக்காக அழுவுது."

ரதி அழுதாள். அழுகை பொறுக்காமல் சிவன் உயிரைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஒரு கட்டு வைத்தார். மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவார், வேறு ஒருவர் கண்ணுக்கும் தெரியமாட்டார். இந்தக் கட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையில் முப்பது வருசம் இதிலேதான் போயிற்று.

எங்கள் பாட்டன்மார் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போனபோது இந்தக் கூத்தைக் கொண்டுபோனார்கள். நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறித் திரும்பி வந்தபோது அதைக் கொண்டுவந்தோம். எங்களுக்கு எல்லாம் பாஸ்போர்ட்டில் படம் ஒட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். மன்மதனுக்கு ஒரு காகிதமும் கிடையாது. வாத்தியாரின் தகப்பனார் பாட்டு எழுதின நோட்டைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்து எடுத்து வந்தார். நெல்லியாளத்து மலைப் பக்கம் சர்க்கார் எங்களைக் கொண்டுவந்து குடிவைத்த முதல் மாசியிலேயே கம்பம் நட்டாயிற்று. அடுப்புக்குக் கல் கிடைக்கும் முன்னே மன்மதன் வந்துவிட்டார் என்று என் அம்மா திட்டுவாள்.

தேயிலைப் பூ அம்பு

மன்மதனுக்கு அம்பு ஐந்து. தாமரை, அசோகு, மாம்பூ, முல்லை, நீலம். இந்த மலையில் தாமரைக்கு எங்கே போவது? முல்லையாவது பஸ் ஸ்டாண்டில் முழம் போட்டு விற்பார்கள். தாமரை கிடையாது.

அதனால் எங்கள் மன்மதனுக்குத் தாமரைக்குப் பதில் தேயிலைப் பூ அம்பு. தேயிலை பூக்குமா என்று கேட்காதீர்கள். பூக்கும். வெள்ளையாக, நடுவில் மஞ்சளாக, குனிந்துகொண்டு பூக்கும். கொழுந்து எடுக்காமல் விட்ட செடியில்தான் வரும். பூ கண்ணில் பட்டால் சூப்பர்வைசர் அந்த நிரையில் நின்ற பெண்ணைப் பிடித்துக்கொள்வார், செடியை விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று. மாசிக் கூத்துக்கென்று மட்டும் நாங்கள் வேண்டுமென்றே ஒரு செடியை விட்டுவைப்போம். சூப்பர்வைசர் கேட்டால், "அது மன்மதன் செடிங்க சார்" என்போம். அவரும் போய்விடுவார்.

ஒரு காலத்தில் எங்கள் டிவிஷனுக்கு ஒரு மலையாளத்து நர்சம்மா வந்திருந்தாள். நாங்கள் மன்மதனுக்கு அழுவதைப் பார்த்து வாயில் கை வைத்தாள். அவள் ஊர் கண்ணூர்ப் பக்கமாம். அங்கே கல்யாணமாகாத பெண்கள் பங்குனியில் பூவாலேயே காமன் செய்து வைத்து, பாட்டுப் பாடி, அடுத்த வருசமும் நேரத்தோடு வா காமா என்று சொல்லி அனுப்பிவைப்பார்களாம். அங்கே அழுகையே கிடையாதாம். ஒரே சாமியை ஒரு மலைக்கு அந்தப் பக்கம் சிரித்து அனுப்புகிறார்கள், இந்தப் பக்கம் அழுது அனுப்புகிறோம். இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

எங்கள் அப்பா எரியாத கட்சி

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். மன்மதன் எரிந்தாரா எரியவில்லையா என்று இரண்டு கட்சி உண்டு. எரிந்த கட்சி, எரியாத கட்சி. மேடை போட்டு எதிரெதிரே உட்கார்ந்து விடிய விடியப் பாட்டாலேயே வாதாடுவார்கள். லாவணி என்பார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த வழக்கு, கடல் தாண்டித் தோட்டத்துக்கும் வந்தது.

என் அப்பா எரியாத கட்சி. அவர் கேட்பார்:

"மன்மதன் எரிஞ்சுட்டார்னா ஆசையும் எரிஞ்சிருக்கணும்ல? எரிஞ்சிச்சா? அப்பறம் ஏன்டா லயத்துல வருசா வருசம் தொட்டில் தொங்குது?"

எதிர்க்கட்சி கேட்கும், எரியவில்லை என்றால் ரதி ஏன் அழுதாள் என்று.

"புருசன் குத்துக்கல்லாட்டம் முன்னால இருக்கையிலயும் அழுவுற பொம்பளைங்க இல்லையா? போய் உன் ஊட்டுல கேளு!"

மைதானமே சிரிக்கும். என் வீட்டுக்காரர் குடும்பம் மூன்று தலைமுறையாக எரிந்த கட்சி. எங்கள் கல்யாணப் பேச்சில் சீர் செனத்தியைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. மாமனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "மருமவ எங்க ஊட்டுக்கு வந்த பொறவு எங்க கட்சிதானே?" என்று. அப்பா பதில் சொல்வதற்குள் நான் உள்ளேயிருந்து, "கட்சி எங்கூடவே வரும்" என்றேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டாம் வகுப்புப் படிப்பு. ஆனால் யாருக்கும் தலை குனிந்ததில்லை.

மூன்று நாள் வழக்கம்

மற்ற ஊர்க் கூத்தில் மன்மதன் எரிந்ததும் வேஷம் கலைத்துச் சோறு தின்னப் போய்விடுவார்கள். எங்கள் லயத்தில் அப்படி இல்லை. காமனுக்குக் காப்புக் கட்டி மன்மதன் வேஷம் போட்டவர், எரிந்த நிமிசத்திலிருந்து மூன்றாம் நாள் எழுப்புகிற வரைக்கும் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. ரதி வேஷக்காரர் மட்டும்தான் பார்க்கலாம். அவர்தான் சோறு கொண்டுபோவார். அவர் ஒருவருக்குத்தான் இடம் தெரியும்.

எல்லாரையும் விட முக்கியமாகப் பெண்டாட்டி பார்க்கக்கூடாது. பார்த்தால் எழுந்திருக்கமாட்டார் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் முப்பது வருசம் மன்மதன். ரதி வேஷம் சுப்பாண்டி. எங்கள் லயத்துக்கு முதுகு ஒட்டின பின் லயத்தில் தனியாகக் குடியிருக்கிறவர், ஃபாக்டரியில் கொழுந்து கொட்டுகிற வேலை. மாசி பிறந்தால் மீசையை எடுத்துவிடுவார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், என்னை மதினி என்பார்.

முதல் வருசம் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"எங்க இருந்தீங்க மூணு நாளும்?"

"செத்துப் போயிருந்தேன்."

"செத்தவரு வேட்டியில எப்படிக் கருவாட்டுக் கொழம்பு?"

"ரதி ஊத்துனிச்சு."

அவ்வளவுதான் பதில். முப்பது வருசமும் அதே பதில். சுப்பாண்டியைக் கேட்டால், "சாமி குத்தம் மதினி" என்று இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். மற்றவர்களிடம் போய், என் புருசன் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வராது. அது என் குணம்.

ஆனால் யோசனை விடுமா? கொழுந்து எடுக்கும்போது கை பாட்டுக்குப் போகும், நினைப்பு பாட்டுக்குப் போகும். ஃபாக்டரி மச்சில் இலை காயப்போடுகிற தட்டுமேல் படுத்திருப்பாரோ? மூடிக் கிடக்கிற பிள்ளைக் காம்பராவில், சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவோமே அங்கே, இருப்பாரோ? ஒரு வருசம் கூடலூரில் லாட்ஜில் இருக்கிறார் என்றே முடிவு கட்டினேன். இன்னொரு வருசம் நினைத்ததை எழுதமாட்டேன். அந்தப் பெண் இப்போது பேத்தி எடுத்துவிட்டாள்.

இப்போது வேஷம் வேறு ஆளிடம் போய்விட்டது. ஒளிகிற இடமும் மாறிவிட்டது. அதனால் பழைய இடத்தை எழுதினால் குற்றமில்லை என்று வாத்தியார் உத்தரவு கொடுத்தார்.

யானை மாற்றிய நேரம்

நான் சொல்கிற அவருடைய இந்தக் கடைசிக் கூத்து நடந்து நாலைந்து வருசம் இருக்கும்.

அந்தத் தையில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. கூடலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, தினசரி காலையில் போட ஒரு மாத்திரையும், வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார். "இந்தச் சின்ன டப்பா எப்பவும் சட்டைப் பையிலயே இருக்கணும் அம்மா. இவர விட்டு இது பிரியக்கூடாது" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இந்த வருசம் வேணாங்க" என்றேன்.

"கரும்பு வில்லை இன்னொருத்தன் கையில குடுக்கணும்னா நான் ஒருக்கா எரிஞ்சு எந்திரிக்கணும் புள்ள. எந்திரிச்சாத்தான் குடுக்க முடியும். பாதியில விட்டுட்டு எப்படிக் குடுக்கறது?"

வழக்கம் அதுதான். எனக்கும் தெரியும். அறுபத்தெட்டு வயதில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கு நடுவில் யானை. எங்கள் பக்கத்தில் யானை தேயிலைக்குள் நிற்பது புதிதல்ல. அந்த வருசம் ஒரு கூட்டம் குட்டியோடு ஃபாக்டரிக்குக் கீழேயே நின்றது. சாயங்காலத்துக்குப் பிறகு கூட்டம் கூடாது, தப்பு கூடாது, தீ கூடாது என்று காட்டிலாகாக்காரர்கள் ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். காலங்காலமாக ராத்திரியில் எரிகிற மன்மதன் பகலில் எரிய வேண்டியதாயிற்று.

ராத்திரி என்றால் விளக்கை அணைத்துவிடுவார்கள். புகைக்குள் அவர் போய்விடுவார். பகலில் எப்படிப் போவது? அதற்குத்தான் வாத்தியார் அந்த யோசனை செய்தார். சூரியனை அணைக்க முடியாது, சனத்தைத் திருப்பலாம்.

வைக்கோல் சுற்றின கம்பத்துக்குக் கம்பி வழியாகத் தீ அம்பு பாய்ந்தது. அவர் விழுந்தார். ஈர வேட்டியால் மூடினார்கள். நாங்கள் திரும்பினோம். அவர் ஓடினார், நின்றார், மூச்சு வாங்கினார், நடந்தார். அதைத்தான் முதலில் சொன்னேன்.

வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான். ரேடியோவுக்குப் பக்கத்தில் சின்ன டப்பா.

விரதம் என்று காலை மாத்திரையும் போடவில்லை. எரிந்ததும் போட்டுக்கொள்கிறேன் என்றவர், கிரீடத்தை எடுத்தார், வில்லை எடுத்தார், தேயிலைப் பூவை எடுத்தார். இதை விட்டுவிட்டார். மன்மதன் சட்டையில் பையும் கிடையாது.

ஒப்பாரியில் ஒரு கேள்வி

டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு சுப்பாண்டியைத் தேடிப் போனேன். இடம் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே.

அங்கேதான் இன்னொரு கட்டு குறுக்கே நின்றது. மன்மதன் எரிந்த பிறகு ரதி லயம் லயமாகப் போய் அழ வேண்டும். நாலு டிவிஷனும் சுற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரைக்கும் ரதி வாயிலிருந்து ஒப்பாரி தவிர வேறு சொல் வரக்கூடாது. தண்ணீர் வேண்டும் என்றால் கூடப் பாட்டாகத்தான் கேட்க வேண்டும். பேசிவிட்டால் அழுகை முறிந்துவிடும், முறிந்தால் மன்மதன் எழமாட்டார்.

சுப்பாண்டி மேட்டு லயத்தில் இருந்தார். வேஷத்துக்கு வாங்கிப்போன என் பச்சைச் சேலையைக் கட்டி, வளையல் உடைத்து, தலைவிரி கோலமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். மன்மதனுக்காக மட்டும் யார் அழுகிறார்கள்? செத்துப்போன அம்மாவுக்கும் கண்டியில் விட்டுவந்த அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

நான் அந்த வட்டத்தில் ஒரு வருசமும் உட்கார்ந்ததில்லை. நாலு பேர் பார்க்க அழுகிற பழக்கம் எனக்கு இல்லை. காதோரம் குனிந்து, "சுப்பாண்டி, அவரு மாத்திரைய விட்டுட்டாரு" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதார். கையை நீட்டி டப்பாவைக் காட்டினேன். வாத்தியார் தூரத்திலிருந்து, "ரதிகிட்ட யாரும் பேச்சுக் குடுக்காதீங்க!" என்று கத்தினார்.

சரி, பேசத்தானே கூடாது?

அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். சுப்பாண்டி கழுத்தைக் கட்டிக்கொண்டேன். தொண்டையைத் திறந்தேன்.

*சின்னஞ்சிறு டப்பாவிலே – நான்*
*சேத்துவச்ச மருந்திருக்கு*
*நாக்கடியில் வைக்காம – ஐயா*
*நடுவழியில் நின்னீரே*
*கொண்டுவந்து நான் கொடுக்க – உம்ம*
*குடியிருப்புத் தெரியலையே*

வட்டமே ஓவென்று எழுந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் என் முதுகில் சாய்ந்துகொண்டு, "ஐயோ மதினி, நீங்களா! இத்தன வருசமா எங்க வச்சிருந்தீங்க இந்தத் தொண்டைய!" என்று கதறினாள்.

சுப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மையெல்லாம் கரைந்து கன்னத்தில் வழிந்தது. ஆனால் சாமி பயம் விடவில்லை. பாடினார்:

*செத்தவரைக் கேக்குறியே – தாயே*
*சேதி சொல்லக் கூடாதே*

சேலைக்குள் கைவிட்டு இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். ஆள் துள்ளினார். துள்ளலும் அழுகையில்தான் சேர்ந்தது. நான் விடாமல் பாடினேன்:

*எரிஞ்சவரை எழுப்பிவிட – அந்த*
*ஈசனாலே முடியுமம்மா*
*நெஞ்சடைச்சுப் போனவரை – ரதியே*
*நீ எழுப்ப முடியுமா*

சுப்பாண்டியின் உதடு துடித்தது. வேஷத்துக்காகத் துடித்த மாதிரி தெரியவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, இழுத்து இழுத்துப் பாடினார்:

*ஊரெல்லாம் தேடாதே – அம்மா*
*உன் முதுகுப் பக்கம் பாரு*
*உன் அடுப்புப் புகை போகும் – அந்த*
*ஒசரத்தில் இருக்காரு*

நான் எழுந்துவிட்டேன். வாத்தியார் நோட்டைப் புரட்டிக்கொண்டு ஓடிவந்தார். "பூவாயி, இந்த அடி எல்லாம் எந்த ஏட்டுல இருக்கு? எங்கப்பன் நோட்டுல இல்லையே!" என்றார். "ஒங்கப்பன் நோட்டுல எல்லாமா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பரண்

தோட்டத்து லயத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினவை. முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை, நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் தகரக் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் சந்து இருக்கும். இந்த வீட்டு அடுப்புப் புகை அந்தச் சந்து வழியாக அந்த வீட்டுக்குப் போகும். அந்த வீட்டு வெங்காயத் தாளிப்பு இந்த வீட்டுக்கு வரும். சுவருக்கு இந்தப் பக்கம் என் பரண். அந்தப் பக்கம் சுப்பாண்டி பரண்.

ஃபாக்டரியும் இல்லை, லாட்ஜும் இல்லை. முப்பது வருசமாக என் தலைக்கு மேலே!

ஏணியைச் சாத்தி ஏறினேன். வயது அறுபத்தைந்து. பரணில் பழைய கொழுந்துக் கூடையும் விறகும் கிடந்தன. அவற்றைத் தள்ளிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முகத்தையும் வாசல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் எரியாத கட்சிதான். ஆனாலும் அந்த நேரத்தில் கட்சி பேச எனக்குத் தைரியம் இல்லை. பார்த்துவிட்டால், அவர் எழாமல் போய்விட்டால்?

சந்துக்குள் கையை நீட்டினேன். உள்ளங்கையில் டப்பா.

யாரும் வாங்கவில்லை.

"ஏங்க" என்றேன்.

தகரம் மட்டும் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. மூச்சுச் சத்தமாவது கேட்கிறதா என்று பார்த்தால், என் நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"நான் பாக்கல. சத்தியமா பாக்கல. கண்ண மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். எடுத்து நாக்குக்கு அடியில வைங்க. முழுங்கிடாதீங்க."

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. ஒரு விறகு எரிகிற நேரம் இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவு இருந்திருக்காது.

பிறகு விரல்கள் பட்டன. சில்லென்று, வேர்த்துப்போய், சாம்பல் நறநறவென்று. டப்பாவை எடுத்துக்கொண்டன. மூடி திறக்கிற சின்னச் சத்தம் கேட்டது.

நான் இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு முதலில் கிழிந்து கிழிந்து வந்தது. பிறகு நீளமாயிற்று. ஒவ்வொரு மூச்சையும் நான் காதால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு சீரானபிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. சுப்பாண்டிக்கு வருசத்தில் மூன்றே நாள்தான் குறட்டை வரும். "திரும்பிப் படுங்க சுப்பாண்டி!" என்று நான் கீழேயிருந்து கத்தினால் உடனே நின்றுவிடும். அந்தப் பவ்வியத்தை நான் மெச்சிக்கூட இருக்கிறேன். ஒரு வருசம் அடுப்புக்கல் ஆடுகிறது என்று தனியாகப் புலம்பினேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த மனிதர் சோறு கேட்கும் முன்னே களிமண்ணைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லாட்ஜில் இருந்துவிட்டு வந்த குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

அப்படியானால் மற்றதும் கேட்டிருக்கும். அவர் இல்லாத தைரியத்தில் அந்த மூன்று நாளும் பாக்கியத்திடம் நான் என்னென்ன பேசியிருக்கிறேன்! கூத்தாடியைக் கட்டிக்கொண்டேன் என்பேன். மன்மதன் வேஷத்துக்கு மூக்கு சரியில்லை என்பேன். இந்த மூஞ்சிக்கு ரதி அழுகிறாளே, அவளுக்குக் கண் இல்லையா என்பேன். முப்பது வருசம் மேலே படுத்துக்கொண்டு அத்தனையும் கேட்டுவிட்டு, ஒரு நாளாவது திருப்பி ஒரு சொல் கேட்டாரா இந்த மனிதர்?

வாசலில் ஆள் அரவம் கேட்டது. பாக்கியம்தான். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மதினி! எங்க போயிட்டீங்க? அங்க பரண்ல என்னா பண்றீங்க?"

"வெறகு எடுக்கறேன்."

"என்னா ஒப்பாரி மதினி அது! இன்னமும் ஒடம்பு ஆடுது எனக்கு." அப்படியே வழக்கம்போலச் சண்டைக்கு இழுத்தாள். "சரி, சொல்லுங்க. இந்த வருசம் ஒங்க கெழட்டு மன்மதன் எப்படி? சாயம் வழிஞ்சு காதோரம் ஓடுச்சே, பாத்தீங்களா?"

நான் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். நேருக்கு நேர் என்றால் என் உசிரே போனாலும் இதைச் சொல்லியிருக்கமாட்டேன்.

"அவருக்கு என்னாடி கொறச்சல்?" என்றேன், மேலே தகரத்துக்கு எட்டுகிற மாதிரி. "முப்பது வருசமா பாக்கறேன். அந்த வில்லை அவரு மாதிரிப் பிடிக்க இந்த மலையில ஆள் கெடையாது."

கீழே பாக்கியம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று பயந்தேன். இருமல் இல்லை. அடக்கி அடக்கி, அடக்க முடியாமல், பரண் பலகை கிறீச்சிடச் சிரிக்கிற சத்தம்.

"யாரு மதினி அது சிரிக்கறது?"

"எலி" என்றேன்.